மரத்தடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

நகரத்துக்குள் இயற்கைக்கு இடம் தேடும் பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. மாடித் தோட்டம், குறுங்காடு, ஏரிக்கரை நடைபாதை, சாலையோர மரக்கன்று என்று அதற்கொரு சொல்வரிசையே உருவாகிவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. எத்தனை கன்று நட்டோம், எத்தனை பிழைத்தன, எத்தனை ஏக்கர் என்று இந்தப் பேச்சு மரத்தை எண்ணுகிறது. கன்று வளர்ந்து நிழல் விழுந்த பிறகு அந்த நிழலில் யார் உட்காருகிறார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அந்தக் கணக்கை நம் இலக்கியத்துக்குள்ளும், விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு வட்டாரத்துக்குள்ளும் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. நான் பேசுவது வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆலங்குளத்தைப் பற்றி. பெயரிலேயே ஆலும் குளமும் இருக்கிற இந்த ஊருக்கு 1970இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க வெடி ஆபீஸ்கள், தீப்பெட்டி ஆபீஸ்கள். ஆலங்குளம் நகரமல்ல, ஆனால் நகரத்துக்குத் தேவையானவற்றைச் செய்து அனுப்புகிற இடம். நகரம் தன் மரங்களை வெட்டிவிட்டு எழுப்பும் கட்டடத்துக்குச் சிமெண்ட், அந்தக் கட்டடத்து மொட்டைமாடியில் தீபாவளிக்கு வெடிக்கச் சரம். ஆகவே நகரத்தில் இயற்கை ஏன் இல்லாமல் போனது, யாருக்கு இல்லாமல் போனது என்ற கேள்வியை நகரத்தின் பூங்காவிலிருந்து கேட்பதைவிட இங்கிருந்து கேட்பது பொருத்தமாக இருக்கும்.

முதலில் மரத்தடி என்ற சொல். நம் ஊர்களில் அது ஓர் இடத்தின் பெயர் மட்டுமாக இருந்ததில்லை. பஞ்சாயத்துக் கூடுவது மரத்தடியில். ஆடுபுலி ஆட்டமும் சீட்டும் அங்கேதான். மதிய வெயிலுக்குத் துண்டை விரித்துப் படுப்பதும் அங்கேதான். மரத்தைச் சுற்றிக் கட்டிய மேடை ஊரின் ஆண்களுக்கான வரவேற்பறை. பெண் அந்த மேடையைக் கடந்து போவாள். தண்ணீர்க் குடத்தோடு, புல்லுக்கட்டோடு, கைப்பிள்ளையோடு. அங்கே நிற்க நேர்ந்தால் வழக்குக்காகக் கூப்பிடப்பட்டு நிற்பாள். உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்க்க நேரும் ஊர், அவளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்கும். ஊருக்குப் பொதுவான மரம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் இந்தப் பொது எவ்வளவு குறுகியது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

நற்றிணையின் 172ஆம் பாட்டை நம் பாடநூல்கள் இயற்கையோடு இயைந்த வாழ்வுக்குச் சான்றாகக் காட்டும். விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைக்கிறது. சிறுமிகள் அதை நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உன்னைவிடச் சிறந்தது, உனக்கு அக்கா முறை என்று தாய் சொல்கிறாள். பிறகு தலைவன் வரும்போது, அக்காவின் எதிரில் உன்னோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது, வேறு நிழல் பார்க்கலாம் என்று பேச்சு வருகிறது. இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மரத்தை உடன்பிறப்பாக நினைத்த மரபு என்ற பெருமிதத்தோடு உரைகள் நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். பாட்டு அதற்கு மேலும் போகிறது. தானே விதைத்து, தானே வளர்த்த மரத்தின் நிழல் ஒரு பெண்ணுக்கு எப்படி உட்கார முடியாத நிழலாக மாறுகிறது என்று அது சொல்கிறது. தாயின் ஒரு சொல்லில் மரம் குடும்பத்துக்குள் சேர்க்கப்படுகிறது; குடும்பத்துக்குள் சேர்ந்ததும் அதற்குக் கண் முளைத்துவிடுகிறது. வேறு நிழல் தேடும் அந்தக் குரலில் நாணமும் இருக்கிறது, சாமர்த்தியமும் இருக்கிறது. பகற்குறியை மறுத்து மணத்துக்குத் தூண்டும் உத்தி என்று உரைகாரர் சொல்வதும் சரிதான். அந்த உத்திக்கு நம்பத்தகுந்த காரணமாக ஒரு மரத்தின் பார்வை போதுமானதாக இருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

குறிஞ்சிப் பாட்டுகளில் இன்னும் தெளிவு. தலைவி வெளியே இருப்பது தினைப்புனம் காக்க. கிளி ஓட்டும் வேலை இருக்கும் வரைதான் அவளுக்கு மலையும் அருவியும் பரணும். கதிர் கொய்ததும் இற்செறிப்பு. காதல் தெரிந்துவிட்டதால் மட்டும் அவள் வீட்டுக்குள் அடைக்கப்படவில்லை. வெளியே இருப்பதற்கான வேலை முடிந்துவிட்டது என்பதே போதுமான காரணமாகிறது. கையில் வேலை இருந்தால் இயற்கை உனக்குத் திறந்திருக்கும், வேலை முடிந்தால் மூடிவிடும் என்ற இந்த ஒப்பந்தத்தைத் திணை இலக்கணம் அழகாக எழுதி வைத்திருக்கிறது. இன்றைய பெண்களின் வெளியும் அதே ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கலாம், பேருந்து வரும் வரை. ரேஷன் கடைத் திண்ணையில் உட்காரலாம், முறை வரும் வரை.

நம் பக்கத்துத் திருவில்லிபுத்தூரில் இதற்கொரு விதிவிலக்கு உண்டு. ஊருக்கு நடுவே ஒரு நந்தவனம். அங்கே துளசிச் செடியருகே கிடைத்த குழந்தை என்று மரபு ஆண்டாளைச் சொல்கிறது. நந்தவனம் உழைப்பின் இடம். பறிக்க வேண்டும், தொடுக்க வேண்டும், கோயிலுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஆண்டாள் செய்தது, தொடுத்த மாலையைக் கொடுத்தனுப்பும் முன் தானே சூடிப் பார்த்தது. அந்தக் கதை ஏன் இத்தனை நூற்றாண்டு நிலைத்தது என்று யோசித்தால், பூவை வளர்த்தவள் பூவை முதலில் அனுபவித்ததுதான் அதிலுள்ள அதிர்ச்சி என்று தோன்றுகிறது. நாச்சியார் திருமொழியில் அவள் மேகத்தோடும் குயிலோடும் பூக்களோடும் பேசுகிறாள், கெஞ்சுகிறாள், சண்டையும் போடுகிறாள். இயற்கை அங்கே ஆறுதல் தரும் பின்னணியாக இருக்கவில்லை. உரிமையோடு வழக்காடத்தக்க எதிராளியாக இருக்கிறது. ஆனால் அந்த உரிமைக்கு அவள் கடவுளின் மணப்பெண்ணாக வேண்டியிருந்தது. மற்றப் பெண்களுக்கு நந்தவனம் பூப்பறிக்கும் வேலையாகவே மிஞ்சியது.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் அந்தச் சமையலறைக்குச் சன்னல் உண்டு. வெளியே பச்சை மலைகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் துணிக்கொடி. காயும் ஈரத் துணிகள் மலையை மறைக்கின்றன. அதை மாற்றலாமே என்று மருமகள் கேட்பது அந்தப் பெரிய வீட்டில் ஒரு விநோதமான கோரிக்கையாகப் பார்க்கப்படுகிறது. இயற்கையைத் தேடி யாரும் எங்கும் போக வேண்டியதில்லை, அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் வீட்டுவேலை அதன் மேல் தொங்குகிறது. மாடித் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒருமுறை இந்தக் கதையைப் படிக்கலாம். மொட்டைமாடியில் துணி காயப்போடுவதும் வடகம் காயவைப்பதும் யாரோ, பூச்சட்டிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் சுமப்பதும் பெரும்பாலும் அவள்தான். செடி வளர்ப்பது அவளுக்குப் பிடித்திருக்கலாம். பலருக்குப் பிடித்தும் இருக்கிறது. அந்த விருப்பம் எந்த நிமிடத்தில் இன்னொரு வீட்டுவேலையாக மாறுகிறது என்று கேட்பது அந்த விருப்பத்தை அவமதிப்பதாகாது.

இதே மாவட்டத்தின் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வந்தது. அதில் மாரியம்மா விறகு பொறுக்கிச் சுமந்து வருகிறாள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வயற்காட்டுப் பம்புசெட்டுப் பக்கம் ஒதுங்குகிறாள். நிலத்துக்காரன் அவளைப் பிடித்து இழுக்கிறான், அவள் தப்பி ஓடுகிறாள். தன் பெயர் கெடாதிருக்க அவன் முந்திக்கொண்டு, அவளை இன்னொரு பையனோடு பார்த்ததாகக் கதை கட்டுகிறான். ஊர்க்கூட்டம் கூடுகிறது. பேச வந்த பெண்களின் வாய் அடைக்கப்படுகிறது. அவளுக்கு 200 ரூபாய் அபராதம், அந்தப் பையனுக்கு 100. காடு, வயல், கிணற்றுநீர் எல்லாம் இந்தப் பக்கங்களில் இருக்கின்றன. தலித் பெண் ஒருத்தி அதில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதன் விலையும் இருக்கிறது. இதைப் படித்த பிறகு கிராமத்தின் பசுமையை நகரத்துக்குக் கொண்டுவருவோம் என்ற வாசகத்தை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அந்தப் பசுமைக்குச் சாதி வேலியும் ஆண் வேலியும் இருந்தன. வேலியைக் கழற்றாமல் பசுமையை மட்டும் பெயர்த்து வரமுடியாது.

அதே காட்டில் வளரும் சீமைக் கருவேலத்தையும் இங்கே நினைக்க வேண்டும். நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் என்று 2017இல் உயர்நீதிமன்றம் வரை வழக்காகி, மாவட்டந்தோறும் அது வெட்டப்பட்டது. சூழலியல் நோக்கில் அந்த விவாதத்துக்கு நியாயங்கள் உண்டு. ஆனால் அடுப்புக்கு விறகு தந்ததும், கழிப்பறை இல்லாத காலம் முழுக்கப் பெண்களுக்கு மறைப்பாக நின்றதும் அந்த முள்மரம்தான். அழகற்ற, வேண்டாத மரம் என்று பட்டியலிட்டவர்கள், அது எதை மறைத்து நின்றது என்று பெண்களிடம் கேட்டிருந்தால் பட்டியலின் அடுத்த வரியில் கழிப்பறை என்று எழுதியிருப்பார்கள்.

இந்தக் கணக்கில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று இலக்கியத்தில் இல்லை, ஒரு நக்கலில் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றித் தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்டிருக்கும் நக்கல்: மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் கூலி வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள், அதிலும் நடுவயதைக் கடந்தவர்கள் பலர். கண்மாய் தூர்வாரியதும் வரப்புக் கட்டியதும் சாலையோரக் கன்றுக்குக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றியதும் அவர்கள் கைகள். ஊர்ப் பெண்கள் கூட்டமாக மரத்தடியில் உட்கார்ந்து நம் கண்ணில் பட்டது அநேகமாக அப்போதுதான் முதல்முறை. அதை ஓர் ஊரே பொறுக்க முடியாமல் சிரித்தது. காலங்காலமாக அதே மேடையில் சீட்டாடியவர்களைப் பார்த்து யாரும் நாட்டின் பணம் வீணாகிறது என்று சொன்னதில்லை. மரம் நடும் பெண்ணை நமக்குப் பிடிக்கிறது. அவளைச் சுவரொட்டியில் போடுகிறோம். நட்ட மரத்தடியில் உட்காரும் பெண் மட்டும் நமக்குச் சோம்பேறியாகத் தெரிகிறாள்.

இனி ஆலங்குளத்துப் பக்கம். வெடி ஆபீஸ் என்பது ஒரே கட்டடமாக இருக்காது. சிறு சிறு அறைகள், அறைக்கும் அறைக்கும் நடுவில் வெற்றிடம். ஒன்றில் தீ பிடித்தால் மற்றொன்றுக்குப் பரவாதிருக்க விதி கேட்கும் இடைவெளி அது. அந்த இடைவெளிகளில் வேம்பு நிற்கும். இந்த வட்டாரத்தில் கூலிக்குப் போகும் பெண்ணுக்குப் பகலில் கிடைக்கும் நிழல் பெரும்பாலும் அந்த வேம்புதான். மருந்துக் கலவை ஆண்கள் கையில் என்றால், திரி செருகுவதும் சரம் பின்னுவதும் பெட்டி ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள் கையில். கூலி பீஸ் கணக்கு. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை மீறி ஆள் கூடும்போது வேலை அறையை விட்டு வெளியே வழிகிறது. எங்கே? மரத்தடிக்கு. அறைக்குள் புழுக்கம், வெளியே வேப்பங்காற்று. விபத்துக்குப் பிந்தைய செய்திகளிலும் ஆய்வு நடவடிக்கைகளிலும் மரத்தடியில் வைத்துப் பட்டாசு செய்தது ஒரு விதிமீறலாகத் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். இங்கே மரத்தடி என்பது ஒரு குற்றத்தின் பெயர். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள், மடியில் திரியோடு.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அவர்களில் ஒரு கல்லூரி மாணவியும் இருந்தார். இந்தத் தொகுப்பைப் படிக்கும் மாணவிகளுக்கு அந்த வரி எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். விடுமுறையில் வெடி ஆபீஸுக்குப் போய்த் திரும்பியவர்கள் என் வகுப்புகளில் எப்போதும் உண்டு. உள்குத்தகைக்கு விடுவது, அளவுக்கு மேல் ஆள் சேர்ப்பது என்று விபத்துகளின் காரணங்கள் பலமுறை பேசப்பட்டுவிட்டன. பேசப்படாத ஒன்று, நிழலும் இடைவெளியும் அங்கே உயிர்காக்கும் ஏற்பாடு என்பது. நகரத்தில் பசுமை வெளி என்றால் நடைப்பயிற்சி. இங்கே அறைக்கு நடுவிலுள்ள வெளியை விழுங்கினால் சாவு. இயற்கைக்கு இடம் விடுவது என்ற சொற்றொடர் இவ்வளவு நேரடியான பொருளில் பேசப்படும் இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதே சரவெடி நகரத்தின் காற்று வழக்கிலும் வருகிறது. 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்கள் தகப்பன்மார் உச்ச நீதிமன்றம் போனார்கள். எங்கள் நுரையீரலுக்கு நல்ல காற்று வேண்டும் என்பது கோரிக்கை. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழி விட்டது, பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை சொன்னது. அந்தக் குழந்தைகள் கேட்டது நியாயம். ஆனால் அந்த விவாதம் முழுவதும் இரண்டு தரப்பாகவே நடந்தது: அந்தப் பக்கம் நுரையீரல், இந்தப் பக்கம் வாழ்வாதாரம். சரம் பின்னும் பெண்ணுக்கு வாழ்வாதாரம் மட்டும்தான் உண்டா? அலுமினியப் பொடி படிந்த சேலையோடு வீடு திரும்புகிறவளுக்கு நுரையீரல் இல்லையா? வேலை வேண்டும் என்று தெருவில் இறங்கிய அவளிடம், உனக்கு என்ன காற்று வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சூழலியல் பேசுகிறவர்கள் அவளைச் சங்கடமான விதிவிலக்காகப் பார்த்தார்கள். தொழிலைக் காக்கப் பேசியவர்கள் அவளை எண்ணிக்கையாகப் பயன்படுத்தினார்கள். நல்ல காற்றுக்கு உரிமையுள்ளவர்களின் பட்டியலில் அவள் பெயர் முதலில் வர வேண்டும். அவள்தான் அந்தப் பொடிக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறாள்.

உட்காருவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கோழிக்கோட்டுத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்கள், உட்கார இடம் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது, 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. உட்காரும் உரிமைக்கு ஒரு சட்டம் தேவைப்படுகிறது என்பதே நம் சமூகத்தைப் பற்றிய ஒரு விமர்சனம். மும்பையைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்’ நூல் இதையே இன்னொரு பக்கமிருந்து சொல்கிறது: பொதுவெளியில் பெண் எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, காரணமில்லாமல் சுற்றவும் நிற்கவும் உரிமை கிடைக்கும்போதுதான் அவள் குடிமகளாகிறாள். தினைப்புனத்துப் பெண்ணுக்கும் மும்பைப் பெண்ணுக்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டுகள். ஒப்பந்தம் அவ்வளவாக மாறவில்லை.

நைரோபியில் 1989இல் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழும்ப இருந்தது. வங்காரி மாத்தாய் தனியாகக் கடிதம் எழுதி எழுதி அதை எதிர்த்தார். நாடாளுமன்றத்தில் அவரையும் அவரோடு மரம் நட்ட பெண்களையும் விவாகரத்தானவர்களின் கூட்டம் என்று இழித்தார்கள். கட்டடம் வரவில்லை, பூங்கா தங்கியது. 2004இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது உலகம் அவர் நட்ட மரங்களை எண்ணியது. அவர் காத்த பூங்காவின் புல்வெளியோ ஏழைகளும் வெறுமனே வந்து உட்காரக்கூடிய இடம். அவரை இழிவுபடுத்தியவர்களுக்கு எரிச்சலூட்டியதும் மரத்தைவிட, பெண்ணொருத்தி ஒரு நகரத்தின் நடுவிடம் யாருக்கு என்று கேட்டதுதான்.

சிவகாசி 2021இல் மாநகராட்சியானது. பூங்காக்கள் வரும், மரங்கள் நடப்படும், வர வேண்டும். அப்போது பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. பூங்காவில் கழிப்பறை உண்டா, அது திறந்திருக்குமா? விளக்கு எரியுமா? விடியும் முன் கம்பெனி வண்டி ஏறி, பொழுது சாய இறங்கி, அடுப்புப் பற்றவைக்கும் ஒருத்திக்கு அந்தப் பூங்கா எந்த மணிநேரத்தில் திறந்திருக்கிறது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஓய்வறையும், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்று எழுதியது. வெடி ஆபீஸ் வேம்புக்கடியில், மருந்தும் திரியும் நெருங்க முடியாத தூரத்தில், சாப்பிட்டு அரைமணி நேரம் காலை நீட்டி உட்கார ஒரு மேடை கேட்பது பெரிய கனவல்ல. ஆலங்குளத்துக் கண்மாய்க் கரையிலோ பேருந்து நிறுத்தத்து மரத்தடியிலோ பெண்களுக்கென ஒரு திண்ணை கேட்பதும் அப்படித்தான். அதைக் கட்ட ஆகும் சிமெண்ட் உள்ளூரிலேயே இருக்கிறது.

மாணவிகளுக்கு ஒரு வேலை. சங்கப் பாட்டிலிருந்து நேற்று வந்த கவிதை வரை, மரம் வரும் இடங்களைக் குறித்து வையுங்கள். நட்டது யார், நீர் ஊற்றியது யார், நிழலில் இருப்பது யார், அவர் கையில் வேலை இருக்கிறதா என்று நான்கு பத்தி போட்டு நிரப்புங்கள். பிறகு அதே தாளை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவின் ஒரு மரத்தடியில், கையில் வேறு எந்த வேலையும் இல்லாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். துணைக்குத் தோழிகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். யார் வந்து என்ன கேட்டார்கள் என்பதை ஐந்தாவது பத்தியில் எழுதுங்கள்.